இரவல் கொடுத்த வீடு

யாழ்ப்பாணக் குடாநாடு கல்வியினாற் பெயர் பெற்ற பிரதேசம் என்பதைத் தமிழ் வாசகர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1823 ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் ஸ்தாபித்த செமினரியும், 1841 இல் அவர்கள் வெளியிடத் தொடங்கிய ‘உதயதாரகை’ப் பத்திரிகையும், 1849 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய அச்சியந்திரசாலையும், சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராய் விளங்கிப் பிற்காலத்திலே பழந்தமிழ் நூல்கள் பலவற்றை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் பெரும்பணியும் அந்தச் சிறிய நிலப்பரப்புக்குத் தேடித் தந்த கீர்த்தி பெரிது. அவ்வளவு கீர்த்தி இருந்தும், இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது வருஷங்கள் கழிந்த பின்னரும், நகரமக்கள் யாவர்க்கும் உரியதென்று சொல்லத்தக்க ஒரு தமிழ் நூலகம் யாழ்ப்பாணப் பட்டினத்திலே இருக்கவில்லை. கல்லூரிகளிலே நூல்கள் இருந்தன; அவை அந்தந்தக் கல்லூரியாருக்கே உரியன. பண்டிதர் வீடுகளிலே ஏடுகள் இருந்தன. அவற்றைக் காண வேண்டுமானால் பண்டிதரை முன்னமே அறிந்திருத்தல் வேண்டும். ஒருவருடைய தயவும் சிபாரிசும் இன்றி, வீதியிலிருந்து நேரே உள்ளே சென்று, ஒரு நூலை எடுத்துப் பிரித்து வாசிக்கும் உரிமை சாதாரணக் குடியானவனுக்கும், கடைச் சிப்பந்திக்கும், பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்ட பிள்ளைக்கும் இல்லாதிருந்தது.

இந்தக் குறை அந்நாளிலே குறையாகத் தோன்றாமைக்கு ஒரு காரணம் உண்டு. யாழ்ப்பாணத்துச் சனங்கள் நெடுங்காலமாக நூலைக் கண்ணாற் கற்றதிலும் செவியாற் கேட்டதே அதிகம். கோயில் மண்டபத்திலே கந்தபுராணத்துக்குப் படிப்புத் தொடங்கினால், ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பதம் பிரித்துப் பயன் சொல்ல, ஊரார் மண்டபத்திலும் வீதியிலுமாக அமர்ந்து நாள்தோறும் கேட்டிருப்பர். எழுத்தறியாத கிழவியும் சூரபன்மன் கதையை அடி பிசகாமற் சொல்லுவாள். பயன் சொல்லுபவர் ஓரிடத்திலே வழுவினாராயின் அதைக் கண்டு திருத்தக்கூடிய கமக்காரரும் சபையில் இருப்பர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்துப் பண்பாட்டைக் கந்தபுராண கலாசாரம் என்று குறித்தது இந்த வழக்கத்தை மனத்திற் கொண்டேயாம். ஒரே ஏடு, நூறு செவிகள். அதுவே அக்காலத்தின் பொது நூலகம் என்று சொன்னாலும் பொருந்தும். ஆயினும் அந்தச் சபையிலே எந்த நூல் வாசிக்கப்பட வேண்டும் என்பதைக் கேட்பவர் தீர்மானிப்பதில்லை. சபைக்குள்ளே யார் எங்கே அமரலாம், யார் படலைக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதைச் சாதியாசாரம் தீர்மானித்தது. அச்சு வந்து, நாவலரின் தெளிவான வசன நூல்கள் பரவி, பிள்ளைகள் பள்ளிக்கூடங்களிலே தனித்திருந்து மௌனமாக வாசிக்கப் பழகிய பின்பு, கேட்கும் பழக்கம் குறையத் தொடங்கிற்று. மௌனமாக வாசிப்பவனுக்கு நூல் கையில் வேண்டும். நூலை விலைக்கு வாங்கும் சக்தி எல்லார்க்கும் இல்லை. இந்த இடத்திலேதான் இரவல் என்பது ஒரு சமூகத் தேவையாகிறது.

முப்பதுகளின் தொடக்கத்திலே அத்தேவை மிகவும் தீவிரமடைந்தது. 1927 இல் மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்து சென்றார். அவரை வரவேற்பதிலே முன்னின்ற வாலிபர் காங்கிரஸ், சாதி ஒழிப்பையும் சுயராச்சியத்தையும் பற்றி ஊரூராய்ப் பேசி, 1931 இல் டொனமூர்த் திட்டத்தின் கீழ் நிகழ்ந்த முதற்றேர்தலை வடக்கிலே பகிஷ்கரிக்கச் செய்தது. அதே அரசியற்றிட்டந்தான் ஆண், பெண், படித்தவர், படியாதவர் என்ற பேதமின்றி வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை அளித்தது என்பதையும் மறத்தலாகாது. வாக்குரிமை பெற்ற மனிதனுக்குப் பத்திரிகை ஆடம்பரமன்று. 1930 இல் நா. பொன்னையா அவர்கள் ‘ஈழகேசரி’யைத் தொடங்கினார். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914 முதல் ஓடிய கப்பலும் அதனோடிணைந்த ரயிலும் சென்னைப் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் கொண்டுவந்து சேர்த்தன. மலாயாவிலே உத்தியோகம் பார்த்தவர்கள் அனுப்பிய மணியோடர்களால் ஊர்கள் வாழ்ந்த காலம் அது. உலகப் பொருளாதார மந்தத்தினால் அந்த வரவும் அப்போது தளர்ந்திருந்தது. வாசிக்க வேண்டியவை பெருகின; வாங்கும் பணமோ சுருங்கிற்று.

இந்தச் சந்தர்ப்பத்திலே, 1933 ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்திலே கே. எம். செல்லப்பா என்னும் ஒருவர் தமது வீட்டிலிருந்த நூல்களை அயலாருக்கும் மாணாக்கருக்கும் இரவல் கொடுக்கத் தொடங்கினார். அவர் 1896 ஆம் ஆண்டு பெப்ரவரி 20 ஆம் தேதி பிறந்தவர். நீதிமன்றத்திலே காரியதரிசியாக உத்தியோகம் வகித்தவர். பெருந்தனவந்தருமல்லர், மேடைகளிலே முழங்கிய அரசியல்வாதியுமல்லர். பகற்பொழுதைக் கந்தோரிலே கழித்துவிட்டு வீடு திரும்பும் ஓர் உத்தியோகத்தர், தமக்கு எஞ்சிய நேரத்தையும் தம்மிடம் இருந்த சொற்பப் பொருளையும் ஊருக்கென்று ஒதுக்கினார் என்பதே இச்சரித்திரத்தின் ஆரம்பம்.

நூலை இரவல் கொடுப்பது எளிய காரியமென்று எண்ணுதல் தவறு. புத்தகம் வைத்திருப்போர் அதைக் கைவிட்டுக் கொடுக்க மனம் ஒவ்வாதிருத்தல் நம்மவரிடையே வழிவழி வந்த சுபாவம். ஏட்டுச் சுவடிகளைப் பட்டுத்துணியிற் சுற்றி வைத்து, சரஸ்வதி பூசையன்று மாத்திரம் எடுத்துப் பூச்சாத்தி, மறுபடியும் உள்ளே வைத்துப் பூட்டிய குடும்பங்கள் எத்தனையோ. செல்லுக்கு இரையாகக் கொடுத்தாலும் செல்லையா வீட்டுக்குக் கொடுக்க மாட்டோம் என்றிருந்த பிடிவாதத்தினால் அழிந்துபோன நூல்களுக்குக் கணக்கில்லை. ஏடு தேடி ஊரூராய் அலைந்த தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பட்ட சிரமங்களே இதற்குச் சாட்சி. இரவல் கொடுப்பவர் இரண்டு விஷயங்களுக்கு முன்கூட்டியே மனத்தைச் சித்தப்படுத்திக்கொள்ள வேண்டும். கொடுத்த நூல்களிற் சில திரும்பி வாரா என்பது ஒன்று. திரும்பி வருவனவும் சென்றபடியே வாரா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் அறிந்த பின்னும் படலையைத் திறந்து வைப்பவர், நூல் தம்முடையது என்ற எண்ணத்தை ஏற்கெனவே பாதி துறந்தவர். செல்லப்பா அவர்கள் பிற்பாடு செய்த காரியங்கள் எல்லாவற்றுக்கும் இந்தத் துறவே வேர் என்பது என் அபிப்பிராயம்.

வீட்டு நூல்கள் வாசகருடைய ஆவலுக்கு ஈடுகொடுக்க இயலா என்பது விரைவிலே தெளிவாயிற்று. 1933 டிசம்பரிலே, யாழ்ப்பாணத்தில் ஒரு மத்திய இலவசத் தமிழ் நூலகம் அமைய வேண்டும் என்று பொதுமக்களை நோக்கி அவர் ஒரு வேண்டுகோளை வெளியிட்டார். அந்த வேண்டுகோளின் முறைமை கவனிக்கத்தக்கது. பொதுப்பணி செய்யப் புறப்படுவோர் பெரும்பாலும் முதலிலே வேண்டுகோளை அச்சிடுவர். பணம் சேர்ந்தால் வேலை தொடங்கலாம் என்பர். பணம் சேராவிடின் சனங்களை நொந்துகொண்டு ஓய்ந்துவிடுவர். இவரோ முதலிலே தம்மிடம் இருந்ததைக் கொடுத்தார். கொடுத்தது போதாமற் போன பின்னரே பிறரைக் கேட்டார். கேட்டபோது அவர் கேட்டது தம் வீட்டு நூல்களைப் பெருக்கிக்கொள்ள உதவியன்று. குடாநாடு முழுவதுக்கும் நடுநாயகமாய் நிற்கத்தக்க ஓர் ஸ்தாபனம். வீட்டுத் திண்ணையளவிலே தொடங்கிய ஒருவர் அவ்வளவு பெரிய அளவிலே சிந்தித்தது வியப்புக்குரியது.

1934 ஜூனிலே யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலே பொதுக்கூட்டம் கூடிற்று. நூலகத்தை நிறுவுதற்குக் குழு ஒன்று அமைந்தது. ஐசக் தம்பையா அவர்கள் அதன் தலைவராகவும் செல்லப்பா அவர்கள் காரியதரிசியாகவும் பொறுப்பேற்றனர். ஐசக் தம்பையா அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. கிறிஸ்தவராகிய அவர், தாயுமான சுவாமிகளின் பாடல்களில் ஈடுபட்டு, அவற்றை ஆங்கிலத்திலே பெயர்த்து விரிவான முன்னுரையோடு 1925 இல் வெளியிட்டவர். ஒரு சைவ ஞானியின் வாக்கைப் பிற சமயத்தவர் இத்தனை சிரத்தையோடு உலகுக்கு எடுத்துக் காட்டிய சூழலிலேதான் அந்த நூலகம் கருக்கொண்டது. அதனாலே சமயம் எதுவாயினும் எல்லோரும் அதற்குக் கைகொடுக்க முடிந்தது.

1934 ஆகஸ்ட் முதலாந் தேதி ஆஸ்பத்திரி வீதியிலே வாடகைக்கு எடுத்த ஓர் அறையிலே நூலகம் திறக்கப்பட்டது. அன்று அங்கிருந்தவை 844 நூல்களும் முப்பதளவான பத்திரிகைகளும் சஞ்சிகைகளுமே. அந்தத் தொகை இன்று ஓர் ஆரம்பப் பாடசாலையின் நூல்நிலையத்துக்குக்கூடக் குறைவென்று தோன்றலாம். ஆனால் ஓர் ஊரார் தம் சொந்தப் பிரயத்தனத்தாற் சேர்த்து, தமக்குத் தாமே திறந்துவைத்த 844 நூல்கள் அவை என்பதை நினைக்கும்போது அந்த எண் சிறிதாகத் தோன்றவில்லை. வாசகர் பெருகவே இடம் போதாமற் போய், நூலகம் பிரதான வீதிக் கட்டடம் ஒன்றுக்கு மாறிற்று. இலவச நூலகம் என்ற ஆதி நோக்கம் செலவின் முன்னே சற்று வளைய வேண்டியும் நேர்ந்தது. அங்கத்தவரிடம் மூன்று ரூபாய் சந்தா பெறப்பட்டது. இலட்சியத்தை மாத்திரம் பேசி எழுதுவோர் இத்தகைய விவரங்களைத் தவிர்த்துவிடுகின்றனர். வாடகையும் விளக்கெண்ணெயும் பைண்டுக்கூலியும் இல்லாத நூலகம் உலகில் இல்லை. அவற்றை யாரோ ஒருவர் மாதந்தோறும் தேடிக் கொடுத்தே ஆக வேண்டும்.

அந்த யாரோ ஒருவர் காரியதரிசி. ஒரு சங்கத்திலே தலைவர் பதவி கௌரவமுடையது. காரியதரிசியின் பதவியோ முழுவதும் உழைப்பு. கூட்டத்துக்கு அறிவித்தல் எழுதுவதும், வராதவர் வீட்டுக்குச் சென்று ஏன் வரவில்லை என்று விசாரிப்பதும், நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதும், வாக்களித்த நன்கொடையை நினைவூட்டி வாங்குவதும், வாங்கிய ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும், வந்த நூலைப் பதிந்து இலக்கமிடுவதும், போன நூலைத் தேடிச் செல்வதும் அவர் தலையிலே விழும். இவை சரித்திரத்திலே இடம்பெறுவதில்லை. ஆனால் இவை நடவாத இடத்திலே சரித்திரத்தில் இடம்பெறத்தக்க எதுவும் நடப்பதில்லை. நமது ஊர்களிலே எத்தனையோ சங்கங்கள் ஆரம்பவிழாவின் மாலை வாடுமுன் மறைந்து போகின்றன. உற்சாகக் குறைவினாலன்று, கணக்குப் புத்தகத்தை மூன்றாம் மாதத்திலும் திறந்து எழுதுவதற்கு ஆள் இல்லாமையினால். நீதிமன்றத்திலே பத்திரங்களைப் பேணிப் பழகிய ஒருவர் அந்த நூலகத்துக்குக் காரியதரிசியாக வாய்த்தது நகரத்தின் பாக்கியம் என்றே சொல்வேன்.

1935 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே யாழ்ப்பாணப் பட்டினசபை நூலகத்தைப் பொறுப்பேற்றது. திறந்து ஆறு மாதம் நிறையவில்லை. தாம் பெற்ற பிள்ளையைத் தம் பெயராலேயே வளர்க்க வேண்டும், தம் சந்ததியார் அதன் தர்மகர்த்தாக்களாய் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது மனித இயல்பு. கோயில்களும் பாடசாலைகளும் அவ்வாசையினாலே வழக்குகளிற் சிக்கிச் சீரழிந்ததை யாழ்ப்பாணத்து நீதிமன்றக் காரியதரிசியை விட நன்றாக அறிந்தவர் யார்? செல்லப்பா அவர்கள் அந்த வழியிற் செல்லவில்லை. நூலகத்துக்கு அவர் பெயர் சூட்டப்படவுமில்லை. ஊருடைய வரிப்பணத்தால் நடக்க வேண்டிய காரியம், ஊர் தெரிந்தெடுத்த சபையின் கையிலே இருக்க வேண்டும் என்ற அறிவு அக்காலத்தில் அரிது. பொதுச்சேவையின் மிகக் கடினமான கட்டம் தொடங்குவதன்று, நன்றாய் நடந்துகொண்டிருக்கும்போதே கைவிட்டுக் கொடுப்பது. அதை அக்குழுவினர் செய்தனர். வீட்டு நூல்களை இரவல் கொடுத்தவர், முடிவில் நூலகத்தையே நகரத்துக்குக் கொடுத்துவிட்டார்.

ஏறத்தாழ அதே காலத்திலே, பாக்கு நீரிணைக்கு அப்பால், தஞ்சைத் தரணியிலும் இத்தகைய ஒரு தனிமனிதர் முயற்சி நிகழ்ந்தது. இளைப்பாறிய இஞ்சினியராகிய எஸ். வி. கனகசபைப் பிள்ளை அவர்கள் மன்னார்குடிக்கு அருகேயுள்ள மேலவாசலிலே மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்கள்தோறும் கொண்டுசெல்லும் நடமாடும் நூலகம் ஒன்றைத் தம் முயற்சியால் அமைத்தார். 1931 அக்டோபர் 21 ஆம் தேதி அதைத் தொடங்கி வைத்தவர், சீகாழியிலே பிறந்து, கணிதம் போதித்து, 1924 இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள். நூலகக் கலைக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் நூலாய் வெளிவந்ததும் அதே 1931 இல். அவரும் அவர்தம் சகாக்களும் விடாது முயன்றதன் பயனாக 1948 இலே சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. சுதந்திர இந்தியாவிலே அத்தகைய சட்டங்களுள் அதுவே முந்தியது. மேலவாசல் வண்டிக்கும் யாழ்ப்பாணத்து அறைக்கும் அப்போது தொடர்பு எதுவும் இருந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் வண்டியைத் தொடங்கிவைத்த அதே ரங்கநாதன் பிற்காலத்திலே யாழ்ப்பாண நூலகத்தின் பெரிய கட்டடத்துக்கு ஆலோசகராக அமைந்தார் என்பது இவ்விரண்டு சரித்திரங்களையும் இணைக்கும் உண்மையான பாலம்.

அந்தக் கட்டடத்தின் வரலாற்றுக்கு வருவோம். 1949 இல் யாழ்ப்பாணம் மாநகரசபையாயிற்று. முதல் மேயராக சாம் சபாபதி அவர்கள் தெரிவானார். நகரத்துக்குத் தகுந்த நூலகம் கட்ட வேண்டும் என்று அவரும், புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்த லோங் அடிகளாரும் முன்னின்று உழைத்தனர். சபையின் வருமானம் மாத்திரம் அதற்குப் போதுமானதன்று. களியாட்டு விழாவும் அதிர்ஷ்டலாபச் சீட்டும் நடத்திப் பணம் திரட்டினர். நுழைவுச்சீட்டு வாங்கி வேடிக்கை பார்க்க வந்த சனங்களே அந்த நூலகத்தின் செங்கற்களுக்கு விலை கொடுத்தவர்கள். சென்னையைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் நரசிம்மன் அவர்கள் திராவிடச் சிற்பமுறையைத் தழுவி, மாடங்களும் கும்மட்டமும் உடைய வெண்ணிற மாளிகை ஒன்றை வரைந்து கொடுத்தார். 1954 இல் அடிக்கல் நாட்டி, கோட்டைக்கு அண்மையில், முற்றவெளியின் அருகே எழுப்பிய அக்கட்டடத்தின் முதற்பகுதியை 1959 இல் அப்போதைய மேயர் அல்பிரட் துரையப்பா அவர்கள் திறந்து வைத்தார். சிறுவர் பகுதி 1967 இலும் கேட்போர் மண்டபம் 1971 இலும் சேர்ந்தன. முகப்பிலே கலைமகளின் திருவுருவம் அமர்ந்தது. வளாகத்திலே லோங் அடிகளாரின் சிலையும் நின்றது. கத்தோலிக்கக் குருவும் வெண்டாமரையாளும் ஒரே முற்றத்தில் இருப்பது யாழ்ப்பாணத்தார்க்குச் சிறிதும் விநோதமாகத் தோன்றவில்லை என்பதே அந்தச் சமூகத்தின் பெருமை.

கட்டடத்தை விடவும் முக்கியமானது அதனுள்ளே வந்து சேர்ந்த செல்வம். அறிஞர்கள் தம் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூற்றொகுதிகளை அவர்களும் அவர்தம் குடும்பத்தாரும் நூலகத்துக்கு அளித்தனர். ஆனந்த குமாரசுவாமி, ஐசக் தம்பையா, கு. வன்னியசிங்கம் ஆகியோரின் சேகரங்கள் அவ்வாறு அங்கே சேர்ந்தனவாகக் குறிக்கப்படுவனவற்றுட் சில. ஓலைச்சுவடிகளும், பழைய பத்திரிகைகளின் கோவைகளும், மறுபதிப்புக் காணாத சிறு பிரசுரங்களும் சேர்ந்தன. பட்டுத்துணியிற் சுற்றிப் பூட்டி வைத்திருந்த குடும்பங்கள் நம்பிக்கையோடு தம் ஏடுகளைக் கொண்டுவந்து ஒப்புவித்தன என்றால், முன்னர் நான் கூறிய அந்தப் பழைய சுபாவத்தையே அந்நூலகம் இரண்டு தலைமுறைக்குள் மாற்றிவிட்டது என்பது பொருள். 844 இலிருந்து தொடங்கிய தொகை 97,000 வரை வளர்ந்தது. தென்னாசியாவின் சிறந்த நூலகங்களுள் ஒன்றென்று அறிஞர் அதைப் போற்றினர்.

1981 மே 31 ஆம் தேதி இரவு அந்நூலகம் எரிக்கப்பட்டது. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் ஜூன் 4 ஆம் தேதி நடைபெற இருந்தது. தேர்தற் பாதுகாப்புக்கென்று தெற்கிலிருந்து பெருந்தொகையான பொலிஸார் கொண்டுவரப்பட்டிருந்தனர். தமிழர் விடுதலைக் கூட்டணியின் கூட்டமொன்றிலே பொலிஸார் சுடப்பட்டு இறந்ததைத் தொடர்ந்து நகரத்திலே மூண்ட வெறியாட்டத்தில் கடைகளும், கட்சிக் காரியாலயமும், ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும், பூபாலசிங்கம் புத்தகசாலையும், பாராளுமன்ற அங்கத்தவர் யோகேஸ்வரனின் இல்லமும் தீக்கிரையாயின. நூலகமும் எரிந்தது. பன்மொழிப் புலவரான தாவீது அடிகளார் பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அந்தத் தீயைக் கண்டு, அதிர்ச்சியால் உயிர் நீத்தார். அச்சில் உள்ள நூல் எரிந்தால் மற்றொரு பிரதியைத் தேடலாம். ஒரே பிரதியாயிருந்த ஏடு எரிந்தால் அதனோடு ஒரு குரலே அற்றுப்போகிறது. அத்தகைய ஏடுகள் அன்று எத்தனையோ அழிந்தன. அக்குற்றத்தைச் செய்தவர் எவரும் தண்டனை பெற்றதில்லை. நூலை எரிப்பவன் அந்நூலின் சமூகத்தையே எரிக்க விழைகிறான். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதும் வன்மை என்னிடம் இல்லை.

ஆனால் அடுத்த ஆண்டு நடந்ததை எழுதியே ஆக வேண்டும். 1982 இலே யாழ்ப்பாணத்து மக்கள் நூலக வாரம் ஒன்றை நடத்தி ஆயிரக்கணக்கான நூல்களைத் திரட்டினர். அரை நூற்றாண்டுக்கு முன்னே செல்லப்பா அவர்கள் தொடங்கிய இடத்துக்கே ஊர் திரும்பிற்று; வீட்டிலிருந்து புத்தகம், கையிலிருந்து காசு, மாலைப்பொழுதிலே வந்து பட்டியல் எழுதுவோர் என்று மறுபடியும் முதலிலிருந்து. திருத்தப்பட்ட கட்டடம் போரின் நடுவே அகப்பட்டது. கோட்டைக்கு அண்மையிலிருந்தமையால் குண்டுகளும் வேட்டுகளும் அதைத் துளைத்தன. 1985 இலே படையினர் உட்புகுந்து வெடிவைத்ததில் சேர்த்த நூல்கள் மீண்டும் சிதைந்தன. 1998 இல் அரசாங்கம் புனருத்தாரணத்தைத் தொடங்கிற்று. 2001 அளவில் கட்டடம் முன்னிருந்த தோற்றத்தோடே மறுபடி எழுந்து நின்றது. தமிழிலும் ஆங்கிலத்திலுமாக 25,000 நூல்களுக்கு மேல் சேர்க்கப்பட்டன. தெற்கிலே வாழும் சிங்கள மக்களுள்ளும் நாணத்தோடும் நல்லெண்ணத்தோடும் நூல் கொடுத்தவர்கள் இருந்தனர் என்பதை நன்றியோடு குறித்தல் வேண்டும்.

பெரிய நூலகத்தைப் பற்றிப் பேசும்போது கிராமத்து வாசிகசாலையை மறந்துவிடலாகாது. உண்மையில் அந்நூலகத்தின் வேர்கள் பரவியிருப்பது அங்கேதான். குடாநாட்டிலே சந்திக்குச் சந்தி ஒரு சனசமூக நிலையத்தைக் காணலாம். ஒரு சிறு மண்டபம், முன்னே விறாந்தை, சாய்வான மேசை, அதன்மேலே அன்றைய பத்திரிகைகள், இரண்டு வாங்குகள், இவ்வளவே. பாரதி, காந்தி, வள்ளுவர் என்று அபிமானத்துக்குரிய பெயர்கள் அவற்றுக்குச் சூட்டப்பட்டிருக்கும். காணி ஒருவர் தர்மம். கல்லும் மண்ணும் சுமந்தது ஊரவர் சிரமதானம். பத்திரிகைக் காசு ஊருக்குள்ளே தண்டியது. காலையிலே கதவைத் திறந்து, பத்திரிகையைத் தைத்து வைத்து, இரவிலே கதவைச் சாத்தும் கடமையைச் சம்பளமின்றி வருஷக்கணக்காய்ச் செய்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருந்தனர், இருக்கின்றனர். புராணம் கேட்ட மண்டபத்திலே இடம் மறுக்கப்பட்டவருடைய பிள்ளைகளும் தமக்கென வாசிகசாலைகளை அமைத்துக்கொண்டு, அவற்றிலிருந்தே தம் உரிமைப் போராட்டங்களுக்கு வேண்டிய அறிவையும் துணிவையும் பெற்றனர். யாழ்ப்பாணத்துச் சமூக சரித்திரத்தை எழுதப் புகுவோர் இந்தச் சிறு மண்டபங்களின் வாயிலாகவே உள்ளே நுழைய வேண்டும் என்பது என் துணிபு.

2005 ஆம் ஆண்டிலே ஈழத்து இளைஞர் சிலர் கூடி, ‘நூலகம்’ என்ற பெயரிலேயே ஓர் எண்ணிம ஆவணகம் தொடங்கினர். ஊதியம் கருதாத தொண்டர்கள் இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருந்துகொண்டு பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் சிறப்பு மலர்களையும் பக்கம் பக்கமாகப் படியெடுத்துச் சேர்த்து வருகின்றனர். உலகின் எம்மூலையில் இருப்பவரும் அவற்றைக் கட்டணமின்றி வாசிக்கலாம். செல்லப்பா அவர்கள் 1933 இல் வேண்டிய மத்திய இலவசத் தமிழ் நூலகத்தில் இலவசம் என்ற பகுதி இவ்வாறு நிறைவேறியிருக்கிறது. அங்கே படியெடுத்து வைத்திருப்பனவற்றுள் பெரிய காவியங்களை விட என்னை அதிகம் ஈர்ப்பவை ஊர்ச் சங்கங்களின் ஆண்டுவிழா மலர்கள். ஆசிச்செய்திகளும் கவிதைகளும் முடிந்த பின், கடைசிப் பக்கங்களிலே காரியதரிசியின் அறிக்கையும் தனாதிகாரியின் வரவுசெலவுக் கணக்கும் அச்சாகியிருக்கும். பத்திரிகைக்கு இவ்வளவு, விளக்குக்கு இவ்வளவு, வாங்கு திருத்திய தச்சனுக்கு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று ஒரு சதமும் விடாமல் எழுதப்பட்ட அந்தக் கணக்குகளை எழுதியவர்களுடைய வாழ்க்கையை, அவர்களை அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே, அந்தந்த ஊரார் கேட்டு எழுதி வைப்பார்களாயின், யாழ்ப்பாணத்தின் சரித்திரத்திலே பெரும்பகுதி அகப்பட்டுவிடும்.